சேணம் பொருத்தும் வேலைக்கு வர நினைக்கும் தம்பிக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 23. வார நாள்களில் கிடங்கு வேலை, சனி ஞாயிறுகளில் ஷொங்வேனி பக்கம் ஒரு குதிரை லாயத்தில் உதவி. "அக்கா, சாடில் ஃபிட்டர் ஆக எங்கே படிக்கணும்? எவ்வளவு நாள் ஆகும்? டர்பனில் இதை வைத்துப் பிழைக்க முடியுமா? வீட்டில் தோல் வேலையா என்று முகம் சுளிக்கிறார்கள்." இதுதான் கேள்வி.

பிழைக்கலாம் தம்பி. ஆனால் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த நான்கு வருடமாவது பிடிக்கும். அதுவரை கிடங்கு வேலையை விடாதீர்கள்.

இந்த நாட்டில் சேணம் பொருத்த அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. நாளைக்கே கார்டு அடித்துக்கொண்டு லாயம் லாயமாகப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அப்படிப் போனவர்களால் முதுகு புண்ணான குதிரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் பதில் கொஞ்சம் நீளமாக வருகிறது.

வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். என் அப்பா பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஷூ ஃபேக்டரியில் மேல்தோல் தைக்கும் மெஷினில் வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்தவர். 1860இல் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புக் காட்டுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் டர்பனிலும் மாரிட்ஸ்பர்க்கிலும் அந்த ஃபேக்டரிகளை நிரப்பினார்கள். தோலின் நெளிவு எந்தப் பக்கம், எங்கே இழுத்தால் நீளும், எங்கே கிழியும் என்பதெல்லாம் எனக்கு அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லித் தந்தது. எங்கள் ஆயா புரட்டாசி வந்தால் தோலை வீட்டுக்குள் விடமாட்டார். அந்த மாதம் அப்பாவின் கருவிப்பெட்டி கராஜுக்குப் போய்விடும். பிற்பாடு என் சேணங்களும் அதே கராஜுக்குப் போயின. ஆயாவின் விரதத்துக்கு மரியாதை கொடுத்தேன், வேலையையும் நிறுத்தவில்லை. ஆனால் தோலைத் தொடும் வேலை கீழான வேலை என்ற எண்ணத்துக்கு என்னிடம் மரியாதை கிடையாது. அது கப்பலில் நம்மோடு ஏறி வந்த பழைய மூட்டை. உங்கள் வீட்டில் அதை மெதுவாக இறக்கி வையுங்கள். முதல் வருமானம் வந்ததும் பாதி சுளிப்பு போய்விடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

சேணம் பொருத்துவது என்றால் குதிரைக்குச் சேணம் விற்பது என்று பலர் நினைக்கிறார்கள். விற்பது அதில் ஒரு ஓரம்தான். அடிப்படை, குதிரையின் முதுகைப் படிப்பது. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு. சேணத்தின் பாரம் கடைசி விலாவுக்குப் பின்னால் போகக் கூடாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் கீழிருந்து தாங்க விலா எலும்பு இல்லை. முன்பக்கம் இதைவிட நுட்பம். நமக்கு இருக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்களை உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பது வெறும் தசைதான். கால் முன்னால் வீசும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னால் சுழன்று வரும். நிற்கிற குதிரைக்குப் பார்த்துப் பார்த்து வைத்த சேணம், நடக்கும்போது அந்த எலும்பை இடிப்பது இதனால்தான். ஒரு கையைத் தோள்பட்டையின் பின்விளிம்பில் வைத்துக்கொண்டு, இன்னொருவரை அந்தக் காலைத் தூக்கி முன்னால் இழுக்கச் சொல்லுங்கள். எலும்பு எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்று உங்கள் கையே சொல்லிவிடும். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் இந்தத் தெளிவு வராது.

சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கிறது, எலும்புக்கூடு மாதிரி. இங்கே எல்லோரும் அதை ட்ரீ என்றுதான் சொல்வார்கள். நல்ல பழைய சேணங்களில் பீச் மரத்தை அடுக்கி ஒட்டி எஃகு வைத்துச் செய்திருப்பார்கள், இப்போது பிளாஸ்டிக் வகைகளும் உண்டு. ட்ரீயின் முன்கால்கள் இரண்டும் குதிரையின் தோள் சரிவுக்கு இணையாக இறங்க வேண்டும். அந்தக் கோணம் குறுகலானால் கிள்ளும். விரிந்தால் சேணம் முன்னால் அமிழ்ந்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டின் மேல் உட்கார்ந்துவிடும். அந்த மேட்டைத்தான் விதர்ஸ் என்கிறோம். சவாரிக்காரர் ஏறிய பிறகும் விதர்ஸுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும், மேலே மட்டுமில்லை, பக்கவாட்டிலும். நடுவில் முதுகெலும்புக்கு நேராக ஓடும் கால்வாய், முன்னிருந்து பின்வரை எலும்பையும் அதன் இருபுறத்துத் தசைநார்களையும் தொடாத அகலத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், சேணம் முன்னாலும் பின்னாலும் மட்டும் ஊன்றி நடுவில் தூக்கி நிற்கும், பாலம் போட்ட மாதிரி. அல்லது நடுவில் மட்டும் ஊன்றி ஆடும், தொட்டில் மாதிரி. முதலாவதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். சேணத்துக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து முன்னிருந்து பின்னுக்கு மெதுவாக நகர்த்தினால், நடுவில் கை திடீரென்று லேசாகிவிடும். இந்த உணர்வு பழக்கத்தில்தான் வரும். எனக்கு வர இரண்டு வருடம் ஆனது.

அளவு எடுப்பது சுலபம். வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ரப்பர் ஸ்கேல் ஒன்று ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் ஒன்று, சேணம் முடியும் இடத்தில் ஒன்று, முதுகின் நீளவாட்டில் ஒன்று என்று வளைவு எடுத்துக் காகிதத்தில் வரையுங்கள். தேதியையும் குதிரை பெயரையும் எழுதி வைக்க மறக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே குதிரைக்கு மறுபடி எடுத்து மேலே வைத்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். நம் குவாசுலு நடாலில் கோடை மழைக்குப் புல் செழித்து எல்லாக் குதிரையும் உருண்டுவிடும். ஜூலை ஆகஸ்ட்டில் மேட்டுநிலப் புல் காய்ந்து விலா தெரிய நிற்கும். மார்ச்சில் கச்சிதமாக இருந்த சேணம் ஆகஸ்ட்டில் முன்னால் சரியும். சேணத்தில் பழுது இருக்காது, குதிரைதான் மாறியிருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வது பணம் பறிக்க இல்லை என்பதை வாடிக்கையாளருக்குப் புரியவைக்க அந்த இரண்டு காகிதங்களே போதும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பெஞ்ச் வேலை, அதாவது சேணத்தைப் பிரித்து, அடைத்து, தைக்கும் வேலை கற்காமல் பொருத்தும் வேலைக்கு வராதீர்கள்.

சேணத்தின் அடிமெத்தைக்குள் பெரும்பாலும் கம்பளிப் பஞ்சுதான் இருக்கும். ஃபோம் வைத்தவையும் காற்றுப் பை வைத்தவையும் உண்டு, ஆனால் கம்பளியைத்தான் நம் கையால் குதிரைக்கு ஏற்றபடி மாற்ற முடியும். கம்பளி நாளாக நாளாக இறுகும், சில இடங்களில் கட்டி தட்டும். அந்தக் கட்டி ஒவ்வொன்றும் குதிரைக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி. மெத்தையில் இருக்கும் சிறு வெட்டின் வழியாக நீளமான இரும்புக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக் கம்பளியைத் தள்ளி, வெளியே உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் செய்ய வேண்டும். கம்பளியை முதலில் விரலால் நன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு உருண்டையாகத் திணித்தால் பழைய கட்டிக்குப் பதில் புதுக் கட்டி, அவ்வளவுதான். நான் முதன்முதலில் அடைத்த மெத்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முழுவதையும் வெளியே உருவிப் போட்டார். நான்கு முறை அப்படி நடந்தது. ஐந்தாவது முறை "ம்" என்றார்.

பஞ்சு எவ்வளவு மாற்ற முடியும், எவ்வளவு முடியாது என்று கையால் தெரிந்தவருக்குத்தான் லாயத்தில் நின்று நேர்மையாகப் பேச முடியும். ட்ரீயே குறுகல் என்றால் எவ்வளவு கம்பளி வைத்தாலும் பயன் இல்லை, இன்னும் இறுக்கும். பிதுங்கும் செருப்புக்குள் இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொள்வதைப் போன்றது அது. அகலமான சேணத்துக்கு அடியில் பஞ்சுத் துணி மேல் துணியாக அடுக்குவதும் நிலையான தீர்வு ஆகாது. அந்தத் துணியை இங்கே நம்னா என்கிறார்கள் அல்லவா? உருதுவின் நம்தாவிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட சொல் அது. நம் பக்கத்திலிருந்து போய், இங்கே வெள்ளைக்காரர் வாயிலிருந்து நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

ட்ரீ உடைந்த சேணத்தைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். முன்புற வளைவின் இரண்டு கால்களையும் பிடித்து உள்ளே வெளியே அழுத்திப் பாருங்கள். பிறகு முன்பக்கத்தை இடுப்பில் ஊன்றிப் பின்பக்கத்தை உங்களை நோக்கி இழுங்கள். முனகல் சத்தம் வந்தாலோ, இருக்கைத் தோலில் குறுக்கே மடிப்பு விழுந்தாலோ சந்தேகப்படுங்கள். விலை குறைவு என்று பழைய சேணம் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், நம் மாகாணத்து மிட்லண்ட்ஸில் ஒரு பெண்ணின் குதிரை. சேணம் எப்போதும் வலது பக்கம் நழுவியது. மெத்தையில் பஞ்சு கூட்டினேன். ஒரு மாதம் கழித்து மறுபடி நழுவல். மறுபடி பஞ்சு. மூன்று முறை போனேன், மூன்று முறையும் பணம் வாங்கினேன். நான்காம் முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை, கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார். பின்னங்காலில் வலி. கண்ணுக்குப் பட்டும் படாத நொண்டல். காலுக்கு வைத்தியம் பார்த்ததும் சேணம் நடுவில் நின்றது. அந்த மூன்று மாதமும் வலியோடு அந்தக் குதிரை ஓடியிருக்கிறது, நான் பஞ்சு திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கிலாந்தில் சூ டைசனும் லீன் கிரேவும் செய்த ஆய்வுகளைப் பிற்பாடுதான் படித்தேன். சேணம் ஒரு பக்கமாகவே நழுவுவதற்குப் பின்னங்கால் நொண்டல் ஒரு முக்கியமான காரணம் என்று அவற்றில் காட்டியிருக்கிறார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். குதிரையிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது?

அதிலிருந்து என் வழக்கம் இது. சேணம் போடாமல் முதலில் குதிரையை நடக்க, ஓட விட்டுப் பார்ப்பேன். பிறகு சேணத்தோடு. பிறகு சவாரிக்காரர் ஏறி இரண்டு பக்கமும் வட்டமடிக்க, பின்னாலிருந்து பார்ப்பேன். சவாரிக்காரர் ஒருபக்கம் சாய்ந்து உட்கார்கிறாரா, அங்கவடி இரண்டும் ஒரே நீளமா என்றும் கவனிப்பேன். நடையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் சேணத்தைத் தொடாமல் "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நோய் இன்னது என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. கால்நடை மருத்துவத் தொழிலுக்கான 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மருத்துவர் வேலை. சந்தேகம் என்று சொல்வது மட்டும்தான் நம் வேலை. அப்படித் திருப்பி அனுப்பிய லாயங்கள்தான் இன்றுவரை என்னை விடாமல் கூப்பிடுகின்றன.

இனி படிப்பு. முறையான சான்றிதழுக்கு உலகம் முழுவதும் மதிக்கப்படுவது இங்கிலாந்தின் சொசைட்டி ஆஃப் மாஸ்டர் சாட்லர்ஸ். 1966இல் தொடங்கிய அமைப்பு. சேணம் பொருத்துவதற்கு அவர்களிடம் அறிமுக வகுப்பும், சில வருட அனுபவம் சேர்ந்த பிறகு எழுதும் தகுதித் தேர்வும் உண்டு. தேர்வில் உண்மையான குதிரைகள் முன்னால் நிறுத்தி வேலை வாங்குவார்கள். சேணம் செய்வதற்கான கைத்தொழில் படிப்பு தனியாக இருக்கிறது. சேணத் தொழிலின் தலைநகரம் அங்கே வால்சால் என்ற ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணியையே சாட்லர்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கனடாவில் யோகன் ஷ்லீசே தொடங்கிய பயிற்சி முறையும் பெயர் பெற்றது. எல்லாமே ராண்டில் கணக்குப் போட்டால் தலை சுற்றும் செலவு. அதனால் முதல் வருடமே கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். இரண்டு வருடம் இங்கே கை பழகிய பிறகு போனால், அங்கே ஒரு வாரத்தில் கிடைப்பது இப்போது ஒரு மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காது. கேள்வி கேட்கத் தெரிந்த பிறகு போக வேண்டும்.

தோல் அடிப்படையை உள்ளூரிலேயே கற்கலாம். தோல், காலணித் துறைப் பயிற்சிகள் எஃப்பி அண்ட் எம் செட்டா என்ற தொழிற்பயிற்சி அமைப்பின் கீழ் வருகின்றன. சம்பளத்தோடு கற்கும் லேர்னர்ஷிப் இடம் ஏதாவது திறந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் சனிக்கிழமை மதியங்களில் உட்காருங்கள். மெழுகு பூசிய நூலில் இரட்டை ஊசித் தையல் கை பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிராண்ட் கம்பெனிகள் இலவசப் பயிற்சி தருவதாகக் கூப்பிடுவார்கள். போய்க் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அவர்களுடைய சேணத்தை மட்டும்தான் விற்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டாம். எனக்கும் ஒரு கடை கமிஷன் பேசியது. விற்கிற ஒவ்வொரு சேணத்துக்கும் இவ்வளவு என்று. முதல் மாதத்திலேயே நன்றாக இருந்த பழைய சேணத்தைப் பார்த்து "புதுசு வாங்கினால் நல்லது" என்று என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கே விட்டுவிட்டேன். பார்க்க வந்ததற்குக் கட்டணம், கிலோமீட்டருக்குக் கட்டணம், செய்த வேலைக்குக் கட்டணம். இந்த மூன்றையும் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நீங்களே கவனிக்கவில்லை போல. ஷொங்வேனியில் இருக்கிறீர்கள். பக்கத்திலேயே சம்மர்வெல்ட், பந்தயக் குதிரைகள் பயிலும் இடம். 1897இல் தொடங்கிய, கிரேவில் மைதானத்தில் நடக்கும் டர்பன் ஜூலை பந்தயம் வரைக்கும் கனவு காணும் குதிரைகள். அவற்றில் பெரும்பாலானவை சில வருடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சவாரிக் குதிரைகளாக விற்கப்படும். ஓட்டம் நிறுத்திய தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைக்கு விதர்ஸ் உயரமாக, அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் குழி விழுந்து இருக்கும். அந்தக் குழிக்கு அளவெடுத்துக் குறுகிய சேணம் கொடுத்தால் வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். ஆறு மாதம் நல்ல தீனியும் சரியான பயிற்சியும் கிடைத்தால் அந்தக் குழியில் தசை வளர வேண்டும், குறுகிய சேணமோ வளரவே விடாது. வளர இடம் விட்டுக் கொஞ்சம் அகலமாகக் கொடுத்து, சேணத்துக்கு அடியில் தற்காலிகமாக மெல்லிய அட்டை வைத்துச் சமன் செய்து, மாதாமாதம் பார்த்து அட்டையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் குதிரைகளைச் சரியாகக் கையாளத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினால் இந்த வட்டாரத்தில் உங்களுக்கு வேலை குறையாது. போர்பெர்ட் என்ற இந்நாட்டு இனம் மாதிரி அகலமான, விதர்ஸே தெரியாத முதுகுகள் வேறு கதை. அங்கே சேணம் உருளாமல், முன்னால் ஓடாமல் வைப்பதுதான் பாடு. வயிற்றுவாரை எந்தப் பட்டையில் மாட்டுகிறோம் என்பதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

லாயத்தில் குதிரையைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டும் சூலு அண்ணன்களிடம் முதலில் பேசுங்கள், முதலாளியிடம் அப்புறம் பேசலாம். இஹ்ஹாஷி, அதாவது அவர்கள் மொழியில் குதிரை, எந்தப் பக்கம் தொட்டால் காதை மடக்குகிறது, வார் இறுக்கும்போது கடிக்க வருகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு லாயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கையையும் ஸ்கேலையும் கழுவிக் கிருமிநாசினி தடவுங்கள். படர்தாமரையும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டை நோயும் சேணத்தோடும் கருவியோடும் பயணம் செய்யும். உங்களால் நோய் வந்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், முடிந்தது.

பக்கி, அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று கட்டாயம் வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை. கடலோர ஈரத்துக்குச் சேணத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் டர்பனில் சரக்கை மூடிய பெட்டியில் அடைத்து வைக்காமல் காற்றாட வையுங்கள். வருமான வரிக்குப் புரொவிஷனல் வரிதாரராகப் பதிந்துகொள்ளுங்கள், கணக்கு நோட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. யாராவது தூக்கிப்போட இருக்கும் சேணம் ஒன்றைக் கேட்டு வாங்கி, கராஜில் உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். சனிக்கிழமை லாயத்தில் சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் உடனே குளிப்பாட்ட விடாதீர்கள். முதுகின் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் கையகலம் காய்ந்த இடம் இருந்தால், அங்கே ஒன்று சேணம் படவே இல்லை, அல்லது வியர்வைகூட வராத அளவுக்கு அழுத்துகிறது. எது என்று விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், குதிரை முதுகைத் தாழ்த்துகிறதா என்று கவனியுங்கள். வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயம். பத்துக் குதிரைக்கு இப்படி வரைந்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். நோட்டைச் சேர்ந்து பார்ப்போம்.